எந்தக் கதவை முதலில் தட்டுவது? பாலின அடையாளம் பற்றிப் பேசும் பிள்ளைக்கு நம் ஊரில் உள்ள வழிகள்

“அக்கா, எங்க மகன் தான் பொண்ணுன்னு சொல்றான். பதினாலு வயசு. எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது? இல்ல, கொஞ்ச நாள் சும்மா விட்டுப் பார்க்கலாமா?”

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஓர் அம்மா இரவு பதினொரு மணிக்கு அனுப்பிய குரல் செய்தி இது. பின்னால் குழாயைத் திறந்துவிட்ட சத்தம். வீட்டில் மற்றவர்கள் காதில் விழக்கூடாது என்பதற்காக இருக்கும். அதற்கு முந்தின வாரம் கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து ஓர் அப்பா கிட்டத்தட்ட இதையே கேட்டார். அவர் வீட்டில் மகளாகப் பிறந்த பிள்ளை தன்னை மகன் என்கிறது.

நான் மருத்துவர் இல்லை. என் அண்ணன் பிள்ளை படிவம் மூன்றில் (பதினைந்து வயதில்) தன்னைப் பையன் என்று சொன்னபோது, அண்ணிக்குத் துணையாக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிய அத்தை, அவ்வளவுதான். அவனுக்கு இப்போது இருபது வயது. ‘ஹார்மோன் (பிள்ளை சொல்லும் பாலினத்துக்கு உடம்பை மாற்றும் மருந்து) கொடுப்பதா, வேண்டாமா’ என்று எட்டு மாதம் வீட்டுக்குள் சண்டை போட்டதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. அந்த வருஷம் யாரும் எங்களிடம் ஹார்மோனை நீட்டவே இல்லை. பிள்ளை ஏன் இரவு தூங்குவதில்லை, ஏன் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை என்று கேட்கத்தான் ஆள் இல்லை. (கழிப்பறைக்குப் போகப் பயம். அதனால்தான் தண்ணீர் குடிக்கவில்லை. சிறுநீர்த் தொற்று வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.)

ஆகவே மருந்துப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று பார்ப்போம்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் உயிர். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ கையைக் கீறிக்கொண்டாலோ, கீழே உள்ள ஒப்பீடெல்லாம் அப்புறம். மனம் விட்டுப் பேச உதவும் பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அரசாங்கத்தின் உதவி எண்ணான தாலியான் காசே 15999. கை மீறிப் போனால் பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. ‘போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ’ என்று பயந்து வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. பயப்படாமல் போங்கள்.

இரண்டாவது, பருவம். வயதைவிட இதுதான் முக்கியம். பருவமடையாத குழந்தைக்கு இந்த விஷயத்தில் எந்த மருந்தும் கிடையாது. இளையோருக்கு மருந்தை ஆதரிக்கும் மருத்துவ வழிகாட்டிகளே அப்படித்தான் சொல்கின்றன. ஆறு வயதுப் பிள்ளை ஏதோ சொல்லிவிட்டது என்று பருவத்தை நிறுத்தி வைக்கும் ஊசியை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

மூன்றாவது, எடுத்த அடியைத் திரும்ப எடுக்க முடியுமா. நான்காவது, யாருக்கெல்லாம் தெரியவரும். ஐந்தாவது, பணம். பில்லில் வரும் பணம் மட்டுமில்லை; லீவு, டோல், பெட்ரோல், இ.டி.எஸ். ரயில் டிக்கெட் எல்லாம் சேர்த்து.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆண் பெண் வேடமிடுவதைத் தண்டிக்கும் மாநில ஷரியா சட்டங்கள் முஸ்லிம்களுக்கு மட்டும் பொருந்தும். பாலின மாற்று அறுவைச் சிகிச்சை கூடாது என்று 1980-களின் தொடக்கத்தில் வந்த ஃபத்வாவும் (இஸ்லாமிய மதத் தீர்ப்பு) அப்படியே. ஆகவே பினாங்கின் தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்கும் பிரிக்பீல்ட்ஸின் இந்துக் குடும்பத்துக்கும் கணக்கு ஒன்றல்ல. மற்றவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லையென்றாலும், 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில் ‘அநாகரிக நடத்தை’ என்றொரு பிரிவு இருக்கிறது; அது எல்லோருக்கும் பொருந்தும்.

முதல் வழி: பொறுத்துப் பார்ப்பது

‘வயசுக் கோளாறு, சரியாகிடும்.’ எங்கள் வீட்டில் அண்ணன் சொன்னது இது. முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பருவம் வருமுன் இப்படிச் சொல்லும் குழந்தைகளில் சிலர் பிறகு வேறு மாதிரி உணர்வதுண்டு. எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. சின்னக் குழந்தை என்றால் அன்போடு பொறுத்திருப்பது நல்ல வழி.

பொறுப்பதில் இரண்டு வகை உண்டு. ‘நீ சொல்றதைக் கேட்டுக்கிட்டேன், அவசரமில்லை, எப்ப வேணும்னாலும் பேசு’ என்று பொறுப்பது ஒன்று. வாயை மூடச் சொல்லிவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துப் பொறுப்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நாம் வழக்கமாகச் செய்கிறோம்.

காசு செலவில்லாத வழி என்றுதான் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் பதிமூன்று, பதினான்கு வயதில் உடம்பு நமக்காகக் காத்திருப்பதில்லை. உடைந்த குரல் தானாகப் பழையபடி ஆகாது. வளர்ந்த மார்பும் அப்படித்தான். மருந்து தந்தால் திரும்ப முடியாது என்று பயப்படுகிறோம், சரி. ஒன்றும் செய்யாமலிருக்கும் இரண்டு வருஷத்திலும் திரும்ப முடியாதவை நடந்துகொண்டிருக்கின்றன. இரண்டையும் தராசில் வைக்க வேண்டும்.

இரண்டாவது வழி: வீட்டுக்குள்ளே சிலதை மாற்றுவது

பெயர், கூப்பிடும் விதம், முடி, வீட்டில் போடும் உடுப்பு. மருத்துவரே வேண்டாம், பத்துக் காசும் ஆகாது, நாளைக்கே திரும்பவும் வரலாம். நான் முதலில் தட்டச் சொல்வது இந்தக் கதவைத்தான்.

நம் மொழியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மலாயில் ‘டியா’ என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே சொல். பள்ளியில் மலாய் பேசும்போது நிம்மதியாக இருக்கிறது, வீட்டில் தமிழ் பேசும்போதுதான் வலிக்கிறது என்று எங்கள் பிள்ளை ஒரு நாள் சொன்னான். ‘சாப்பிட்டாளா?’, ‘குளிச்சாளா?’, ‘வாடி’. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். அண்ணிக்குப் பழக்கத்தை மாற்ற வாய் வரவில்லை. கடைசியில் பாட்டிதான் வழி கண்டுபிடித்தார். நேருக்கு நேர் பேசும்போது ‘நீ’ என்பதில் ஆணுமில்லை பெண்ணுமில்லை. ‘டா’வும் ‘டி’யும் இல்லாமல் ‘கண்ணு’, ‘தங்கம்’ என்றால் போதும். அடுத்தவரிடம் சொல்லும்போது ‘பிள்ளை சாப்பிட்டுச்சா?’ எண்பது வயதுப் பாட்டி இலக்கணத்தில் வழி கண்டுபிடித்த பிறகு எங்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லாமல் போனது.

இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம். 2018-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 15 முதல் 21 வயது வரையிலான 129 திருநர் (பிறப்பில் குறித்த பாலினம் தனக்குப் பொருந்தாதவர்) இளையோரைப் பார்த்தது. வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என்று அதிகமான இடங்களில் தாங்கள் தேர்ந்தெடுத்த பெயரால் அழைக்கப்பட்டவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைவாக இருந்தன. சின்ன ஆய்வு, இதுதான் அதற்குக் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிட எவ்வளவு செலவாகும்?

மறைவான செலவும் உண்டு. வீட்டுக்குள் ஒரு பெயர், தீபாவளிக்கு மாமா வீட்டில் ஒரு பெயர் என்று இரட்டை வாழ்க்கை. தம்பி தங்கைகள் வெளியே உளறிவிடும் பயம். ஒரு தடவை குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால் திரும்ப அழைக்க முடியாது. யாருக்கு, எப்போது சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். மிகச் சிறிய குழந்தையிடம் ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றுவதில் நிதானம் வேண்டும் என்று இளையோருக்கான பாலின மருத்துவத்தை ஆராய்ந்த இங்கிலாந்தின் காஸ் அறிக்கை சொல்கிறது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். திரும்பி வரவும் கதவு திறந்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

திருநம்பிப் பிள்ளைகள் (மகளாகப் பிறந்து தன்னை மகன் என்பவர்கள்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்பைத் தட்டையாக்க கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். அது மூச்சை இறுக்கும், விலா எலும்பைக் கெடுக்கும். அதற்கென்றே தைத்த பைண்டர் இருக்கிறது. அதையும் எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது. தூங்கும்போதும் ஓடியாடும்போதும் கூடாது.

மூன்றாவது வழி: அரசாங்க கிளினிக்

அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனையின் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. கோலாலம்பூரானாலும் பினாங்கானாலும் அதே கட்டணம். தலைநகரில் ஜி.எச். (பொது மருத்துவமனை), பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் பிள்ளைகளுக்கென்றே மனநல நிபுணர்கள் இருக்கிறார்கள். மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது ஆகியவற்றுக்கு இதைவிட மலிவான, முறையான இடம் கிடையாது. தமிழ் பேசும் தாதியரும் மருத்துவரும் பல இடங்களில் உண்டு. அண்ணிக்கு அது பெரிய தெம்பு.

எதை எதிர்பார்க்கக்கூடாது என்றும் தெரிந்துகொண்டு போங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே ஹார்மோன் வரை அழைத்துப் போகும் தெளிவான அரசுப் பாதை நம் நாட்டில் இல்லை. ‘ரெஃபரல் கிடைத்தால் மருந்து கிடைக்கும்’ என்று பிள்ளையிடம் சொல்லிக் கூட்டிப் போனால், ஏமாற்றம் உங்கள் தலையில்தான் விழும்.

இங்கே பணம் மிச்சம், நேரம் செலவு. நிபுணரைப் பார்க்க வாரங்கள், சில நேரம் மாதங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு மருத்துவர் வரலாம். ‘முதலில் இருந்து சொல்லுங்கள்’ என்பார். பிள்ளைக்கு அதுவே தண்டனை. பதிவில் அடையாள அட்டையில் உள்ள பெயர்தான் இருக்கும். எங்களை ஒரு தடவை முழுப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான், நாங்கள் மூன்று மாதம் இழந்தோம். அதற்குப் பிறகு அண்ணி முகப்பிலேயே ‘எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்க’ என்று கேட்டுவிடுவார். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். இன்னொன்று: முதல் தடவை பெற்றோர் மட்டும் போய்ப் பேசிப் பார்க்கலாம். மருத்துவரின் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

நான்காவது வழி: தனியார்

வேகமும் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வேண்டுமென்றால் இது. ஒரே மனநல நிபுணரோ கவுன்சிலரோ, ஒவ்வொரு வாரமும் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு அமர்வுக்கு இருநூறு வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம். மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்பீடு) இதற்குச் செல்லுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள், பலவற்றில் செல்லாது. மாதம் இரண்டு தடவை, ஒரு வருஷம் என்று போட்டுப் பாருங்கள். ஐயாயிரம் வெள்ளி அருகே வரும்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து, ஆள் மாறிப்போவது. ‘தெரபிஸ்ட்’ என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிடுகிறார்கள். கவுன்சிலர் என்றால் 1998-ஆம் ஆண்டுக் கவுன்சிலர் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும்; பதிவு எண்ணைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். நாங்கள் போன ஓர் இடத்தில் முதல் இரண்டு அமர்வு இனிமையாகப் போனது. மூன்றாவதில் ‘பாவாடை தாவணி கட்டிப் பழக்குங்கள், ஆறு மாதத்தில் மாற்றிக் காட்டுகிறேன்’ என்றார். கொடுத்த பணம் போனது போகட்டும் என்று எழுந்து வந்தோம். அதனால் தேதி வாங்கும் முன் தொலைபேசியிலேயே கேளுங்கள்: ‘இதுக்கு முன்னாடி இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கீங்களா? பிள்ளையை மாத்தணும்னு முயற்சி பண்ணுவீங்களா?’ பதிலை இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பினாங்கில் தேடி அலுத்துப் போய்க் கோலாலம்பூருக்கு வருபவர்களுக்கு, பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் ஒரு வழிக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல். முதல் அமர்வு நேரில், மற்றவை வீடியோவில் என்று சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். வீட்டில் பிள்ளைக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை இருந்தால்தான் அது சரிப்படும்.

ஐந்தாவது வழி: திருநர் அமைப்புகள்

கோலாலம்பூரில் 1987-இலிருந்து இயங்கும் பி.டி. ஃபவுண்டேஷன், திருநர்களே 2014-இல் தொடங்கிய சீட் ஃபவுண்டேஷன் இரண்டும் பலருக்குத் தெரிந்தவை. எந்த மருத்துவர் மரியாதையாக நடத்துவார் என்பது இவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் இவர்களுடைய வேலை பெரும்பாலும் பெரியவர்களோடுதான். பதினான்கு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்கள் போங்கள். நாற்பது வயதுத் திருநங்கை ஒருவர் எதிரில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. ‘இப்படியும் வாழலாமா’ என்று அவர் அதுவரை நினைத்ததில்லை. தமிழ்த் திருநங்கையரிடையே மூத்தவர் இளையவரை மகளாக ஏற்கும் வழக்கம் இருக்கிறது. திருநம்பிகளுக்கு அப்படி ஒரு மரபு கிடையாது. அவர்கள் இன்னும் தனியாகத்தான் நிற்கிறார்கள்.

ஆறாவது வழி: எல்லை தாண்டுவது

பினாங்குக்காரர்களுக்குத் தாய்லாந்து பக்கம், அதனால் இந்தப் பேச்சு சீக்கிரம் வந்துவிடும். அங்கே பாலின மாற்று அறுவைச் சிகிச்சை பதினெட்டுக்குக் கீழே கிடையாது. பதினெட்டிலிருந்து இருபது வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். சென்னையைச் சொல்பவர்களும் உண்டு. 2008-இல் திருநர் நல வாரியம் அமைத்த தமிழ்நாடு அரசு, அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவைச் சிகிச்சையை இலவசமாகச் செய்கிறது. ஆனால் அந்த இலவசம் அந்த ஊர்க்காரர்களுக்கு. மலேசியக் கடவுச்சீட்டோடு போனால் தனியார்தான்.

திரும்பி வந்த பிறகு என்ன என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. தையல் பிரிந்தால் யார் பார்ப்பார்? ரத்தப் பரிசோதனை எங்கே? அடையாள அட்டையும் மாறாது. அதன் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. 2016-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஒரு திருநம்பிக்கு மாற்றித் தரச் சொன்னது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பதினெட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு இது இன்றைய வழியே இல்லை. வளர்ந்த பிறகு, சேமிப்போடும் உள்ளூரில் தொடர்ந்து பார்க்க ஒரு மருத்துவரோடும் போகிறவர்களுக்குப் பொருந்தும்.

| வழி | பணம் | நேரம் | திரும்ப முடியுமா | யாருக்குப் பொருத்தம் |
|---|---|---|---|---|
| பொறுப்பது | இல்லை | போய்க்கொண்டே இருக்கும் | பருவத்துக்கு முன் முடியும், பின் பாதிதான் | சின்னக் குழந்தைகள் |
| வீட்டு மாற்றம் | இல்லை | இன்றே | முடியும் | எல்லோருக்கும் |
| அரசாங்க கிளினிக் | 1 முதல் 5 வெள்ளி | வாரங்கள், மாதங்கள் | முடியும் | மனச்சோர்வு, பதற்றம் உள்ள பிள்ளை |
| தனியார் | நூற்றுக்கணக்கில் | சில நாள் | முடியும், ஆள் சரியாக இருந்தால் | பள்ளி, வீடு இரண்டிலும் நெருக்கடி |
| அமைப்புகள் | பயணச் செலவு | சில நாள் | முடியும் | குழம்பிய பெற்றோர் |
| வெளிநாடு | ஆயிரக்கணக்கில் | மாதங்கள் | முடியாது | வளர்ந்தவர்கள் |

ஊசி, ஹார்மோன்: மருத்துவர்களே ஒத்துப்போகாத இடம்

பருவத்தை நிறுத்தி வைக்கும் ஊசி புதிதல்ல. ஆறேழு வயதிலேயே பருவமடையும் குழந்தைகளுக்கு 1980-களிலிருந்து போடுகிறார்கள். நிறுத்தினால் பருவம் மறுபடி தொடரும், ஆனால் எலும்பின் அடர்த்தி பற்றிய கவலை உண்டு. ஹார்மோன் வேறு கதை. குரல், மார்பு, குழந்தை பெறும் சக்தி என்று பலவற்றைத் திரும்பப் பெற முடியாது.

2022-இல் வந்த உலகத் திருநர் நல மருத்துவர் சங்கத்தின் எட்டாவது வழிகாட்டியும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியும், கவனமாகத் தேர்ந்தெடுத்த இளையோருக்கு இவற்றை ஆதரிக்கின்றன. இங்கிலாந்தின் காஸ் அறிக்கை 2024 ஏப்ரலில் ஆதாரம் பலவீனமாக இருக்கிறது என்றது. அதற்கு ஒரு மாதம் முன்பே இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை ஊசியை வழக்கமாகக் கொடுப்பதை நிறுத்தியிருந்தது. பின்லாந்தும் சுவீடனும் முன்பே நிதானமாகிவிட்டன. இப்படிப் பெரியவர்கள் சண்டையிடும் இடத்தில் ‘நிச்சயம் நல்லது’ என்பவரையும் ‘நிச்சயம் விஷம்’ என்பவரையும் நான் நம்புவதில்லை. ஒன்றில் மட்டும் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றுதான்: பிள்ளையை மனநலப் பக்கமிருந்து முழுசாகப் பார்க்க வேண்டும், வீட்டார் கூட இருக்க வேண்டும். அந்த இரண்டும் நம் ஊரில் இன்றைக்கே கிடைக்கும்.

இவற்றை வழியென்றே எண்ணாதீர்கள்

மாற்றிக் காட்டுகிறேன் என்னும் சிகிச்சை. உலக மனநல மருத்துவர் சங்கம் 2016-இலேயே இதை மறுத்துவிட்டது; சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை செய்யச் சொன்னது. நம் நாட்டில் 2011-இல் திரெங்கானுவில் பெண்மை தெரிந்த 66 பள்ளிப் பையன்களை முகாமுக்கு அனுப்பியது நினைவிருக்கலாம். நம்மவர்கள் முகாமுக்கு அனுப்புவதில்லை, சாமியாடியிடம் கூட்டிப் போகிறோம். தாயத்து கட்டினால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. ‘உன் மேலே ஏதோ ஏறியிருக்கு’ என்று அம்மாவே நம்புகிறார் என்பதுதான் பிள்ளைக்குள் தங்கிவிடும்.

இன்னொன்று ரகசிய மாத்திரை. வீட்டில் வழி அடைத்தால் பிள்ளைகள் கருத்தடை மாத்திரையைத் தேடிப் போகிறார்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது எத்தினில் எஸ்ட்ராடியால். ரத்தம் உறையும் ஆபத்து அதிகம் என்பதால் பாலின மாற்று மருத்துவத்தில் இப்போது அதைத் தவிர்க்கிறார்கள். பையில் அட்டை கிடைத்தால் கத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். அட்டையோடு மருத்துவரிடம் போங்கள். என்ன, எவ்வளவு நாளாக என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

பட்டர்வொர்த் அம்மாவிடம் நான் சொன்னது இரண்டே விஷயம். இந்த வாரம் கூப்பிடும் விதத்தை மாற்றுங்கள். அடுத்த வாரம் கிளினிக்குக்கு நீங்கள் மட்டும் போய் வாருங்கள். பத்து நாள் பதில் இல்லை. அப்புறம் ஒரு மத்தியானம் குரல் செய்தி வந்தது.

“அக்கா, லெட்டர் கொடுத்துட்டாங்க. தேதி அடுத்த மாசம். அவளுக்கு அன்னைக்குப் பரீட்சை இருக்கு, மாத்தித் தருவாங்களான்னு கேட்கணும்.”